யார் கேட்ட கேள்வி?

1954 மார்ச் 1 அதிகாலை, பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ‘காசில் பிராவோ’ என்று அதற்குப் பெயர். 15 மெகாடன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சில மணி நேரம் கழித்து, கிழக்கே இருந்த ரோங்கெலாப்பில் வெள்ளையாக ஏதோ தூறியது. எரிந்து பொடியான பவளம் அது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனது.

ஏற்றிக்கொண்டு போன கையோடு ஓர் ஆய்வும் தொடங்கியது. ‘திட்டம் 4.1’. கதிர்வீச்சு பட்ட மனித உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. 1957-ல் ரோங்கெலாப் மக்களை அதே தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து பரிசோதித்துவிட்டுப் போனார்கள். 1963-லிருந்து தைராய்டு கட்டிகள் தென்படத் தொடங்கின. வெடிப்பின்போது ஒரு வயதுக் குழந்தையாக இருந்த லெகோஜ் அஞ்சைன் 1972-ல், 19 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

வைத்தியமே பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டி வந்தவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். என் மனசில் நிற்கும் கேள்வி வேறு. இவ்வளவு ஆண்டு, இவ்வளவு பணம், இவ்வளவு ஏடுகள். இதில் எந்தக் கேள்வியையாவது ரோங்கெலாப்காரர்கள் கேட்டார்களா? 1985-ல் அவர்கள் தாங்களாகவே தீவை விட்டுக் கிளம்பினார்கள். ஏற்றிச் செல்ல வந்தது அரசாங்கத்தின் கப்பல் இல்லை, கிரீன்பீஸின் ‘ரெயின்போ வாரியர்’.

1986-ல் நடைமுறைக்கு வந்த சுதந்திரக் கூட்டுறவு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா 15 கோடி டாலர் இழப்பீட்டு நிதி ஒதுக்கியது. அணுவழக்குத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்த தொகையோ 200 கோடி டாலரைத் தாண்டியது. கொடுக்கப் பணம் இல்லை. 2004-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஒரு கணக்குப் போட்டது: சோதனைகளால் மார்ஷல் மக்களுக்குக் கூடுதலாக வரக்கூடிய புற்றுநோய்கள் சுமார் 530, அதில் ஏறத்தாழ பாதி இனிமேல்தான் வெளிப்படும் என்று. கணக்கு துல்லியமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீவுகளில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வசதி கிடையாது. ஹொனலுலுவுக்கோ மணிலாவுக்கோ போகவேண்டும்.

*

எண்ணுவதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. 1977-ல் அமெரிக்க அரசின் மேலாண்மை, வரவுசெலவு அலுவலகம் இன வகைகளை வரையறுத்தபோது ‘ஆசியர் அல்லது பசிபிக் தீவினர்’ என்று ஒரே பெட்டி வைத்தது. கலிஃபோர்னியாவின் சீனரும் ஜப்பானியரும் ஹவாய்ப் பூர்வகுடிகளும் குவாமின் சமோரோ மக்களும் ஒரே சராசரியில் அடக்கம். பெரிய கூட்டத்தின் ஆரோக்கியம் சின்னக் கூட்டத்தின் நோயை மூடிவிடும். சராசரி பார்த்து நிதி ஒதுக்குகிறவருக்கு, ‘இவங்க நல்லாத்தானே இருக்காங்க’ என்று தோன்றும். ஹவாய் மக்களின் முறையீடுகளுக்குப் பிறகு 1997-ல்தான் அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரித்தார்கள்.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். 1993 முதல் 1996 வரை ஹவாயிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சுமார் 2,15,000 பேரைச் சேர்த்து ஒரு பெரிய தொடர் ஆய்வைத் தொடங்கினார்கள். 2006-ல் அதிலிருந்து ஒரு முடிவு வெளியானது: ஒரே அளவு சிகரெட் பிடிப்பவர்களில், ஜப்பானிய அமெரிக்கர்களைவிட ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். பழைய ஒற்றைப் பெட்டியில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்று.

*

2003-ல் குவாம் பல்கலைக்கழகமும் ஹவாய் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையமும் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் நல்கையோடு ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கின. இரண்டுக்கும் நடுவே 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். இந்த கிராண்டின் அமைப்பைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன். பணம் ஆய்வுக்கு மட்டும் இல்லை. தீவு மாணவர்களை ஆய்வாளர்களாக்க ஒரு பங்கு, ஊருக்குள் போய்ப் பேச ஒரு பங்கு, சின்னச் சின்ன முன்னோட்ட ஆய்வுகளுக்கு ஒரு பங்கு. குவாமின் புற்றுநோய்ப் பதிவேடும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

இந்த வரலாற்றுக்குள் நான் நுழைந்தது பாக்கு வழியாக. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, உலகின் மறுகோடியில் இன்னொரு கூட்டமும் அதையே மெல்லுகிறது என்பது ஆச்சரியம்தான். சமோரோ மொழியில் பாக்கு ‘புகுவா’, வெற்றிலை ‘புபுலு’. விருந்தாளிக்கு நீட்டுவார்கள், விசேஷத்தில் வைப்பார்கள். நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும், பாக்கே புற்றுநோய்க் காரணி என்று சொன்ன அறிக்கை வெளியானது 2004-ல். ‘புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு நம் ஊரைப்போலவே அங்கேயும் செல்லவில்லை.

குவாம் ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தது. ‘பாக்கு போடுகிறீர்களா, ஆமா, இல்லையா’ என்று கேட்டு விட்டுவிடவில்லை. எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு கூட்டம் தெரிந்தது. சமோரோக்கள் பெரும்பாலும் முற்றிய செம்பாக்கை, வெறுமனேயோ வெற்றிலையோடோ மென்று விழுங்குகிறார்கள். மைக்ரோனீசியாவின் பிற தீவுகளிலிருந்து வந்தவர்கள் இளம் பச்சைப் பாக்கைச் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மென்று துப்புகிறார்கள். துப்புவதும் விழுங்குவதும் வெவ்வேறு என்று அடுக்களையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தோன்றும். வாஷிங்டனில் எழுதும் படிவத்துக்கு அது தோன்றாது.

அந்த அறிவின்மேல்தான் அடுத்த வேலை எழுந்தது. குவாமிலும் சைப்பனிலும் பாக்கை விடவைக்க 22 நாள் பயிற்சி ஒன்றை வடிவமைத்து முறையான சோதனை நடத்தினார்கள். வெறும் கையேடு வாங்கியவர்களைவிடப் பயிற்சிக்கு வந்தவர்கள் அதிகம் பேர் விட்டார்கள். பாக்குப் பழக்கத்துக்கு இப்படி ஒரு சோதனை இந்தப் பெரிய நாடான இந்தியாவுக்கும் பயன்படக்கூடியது.

*

இதை வெற்றிக்கதையாக முடித்துவிட எனக்கு மனமில்லை. நல்கை ஐந்தைந்து ஆண்டாக வருகிறது. ஒவ்வொரு முறையும் போட்டியில் புதுப்பிக்கவேண்டும். பாக்கு புற்றாக மாற இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதற்குள் எத்தனை முறை விண்ணப்பம்! ஒருமுறை தவறினாலும் ஊருக்குள் போய்ப் பேசிப் பழகிய பெண்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு போகிற நம்பிக்கையை எந்த விண்ணப்பத்திலும் திரும்பக் கேட்க முடியாது.

ஆய்வுக்கு வந்த பணம் வைத்தியத்துக்கு வரவில்லை என்பதும் உண்மை. ஒப்பந்தப்படி அமெரிக்காவில் குடியேறி, வரி கட்டி வாழ்ந்த மார்ஷல் மக்களுக்கு 1996-ல் ஒரு சட்டத்தால் மெடிக்கெய்ட் காப்பீடு பறிபோனது. 2020 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில்தான் அந்த 530 என்ற கணக்கும் வெளியானது. கணக்கைப் போட்டதும் காப்பீட்டைப் பறித்ததும் ஒரே அரசாங்கம். ஒரு அலுவலகத்தில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். ரோங்கெலாப்காரருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

குவாமில் நடப்பது சிறிய விஷயம்தான். ஆனால் திட்டம் 4.1-க்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, தீவுக்காரர் ஒருவர் தன் ஊர்க்காரரிடம், ‘நீங்க விழுங்குவீங்களா, துப்புவீங்களா?’ என்று தன் கேள்வியைத் தானே எழுதிக் கேட்க, அரசாங்கம் பணம் கொடுத்திருக்கிறது.