பொறுமை என்பது மௌனம் அன்று: கேப் டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன்





நம் மக்தபில் மாலைப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் 'வல்அஸ்ர்' சூராவை ஓதிவிட்டே எழுந்து செல்வர். அண்மையில் ஒருநாள் அதன் பொருளை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். சத்தியத்தையும் பொறுமையையும் இறைவன் அச்சூராவில் அருகருகே வைத்திருப்பதைச் சுட்டிக் காட்டினோம். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், உண்மையைச் சொன்னால் சண்டை வருகிறது. பொறுமையாக இருந்தால் வாய் திறக்க முடியவில்லை. இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது?" என்று வினவினார்.

அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நினைவுக்கு வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் வாழ்ந்த இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) அவர்கள். அம்மாணவரின் வினாவுக்கு அவரும் அவருடைய குடும்பத்தாரும் வாழ்ந்து காட்டிய விடையையே இங்கு எழுதுகிறோம்.

அடிமைத்தளையில் பிறந்த சமுதாயம்

17ஆம் நூற்றாண்டில் கேப் பகுதியில் குடியேறிய ஒல்லாந்தர், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை முதலிய இடங்களிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொண்டு சென்றனர். தம்மை எதிர்த்த மார்க்க அறிஞர்களையும் அங்கு நாடு கடத்தினர். இவர்களிடமிருந்தே கேப் முஸ்லிம் சமுதாயம் தோன்றிற்று. நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே அவர்களுள் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர்.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. 1950இல் இயற்றப்பட்ட குழுப் பகுதிகள் சட்டம், எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அரசே தீர்மானிக்க வழிவகுத்தது. பல தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

பள்ளிவாசலுக்கு வெளியிலும் இமாம்

1924 பிப்ரவரி 8ஆம் நாள் பிறந்த அப்துல்லாஹ் ஹாரூன், கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். அத்தையே அவரை வளர்த்தார். மக்காவிலும் உள்ளூர் ஆலிம்களிடமும் மார்க்கக் கல்வி பயின்றார். 1955இல் கிளேர்மாண்ட் பகுதி ஸ்டெக்மன் சாலையிலுள்ள அல்ஜாமிஆ பள்ளிவாசலின் இமாமானார். அப்போது அவருக்கு வயது 31.

1958இல் கிளேர்மாண்ட் முஸ்லிம் இளைஞர் சங்கம் உருவாவதில் முன்னின்றார். 1960இல் தொடங்கிய 'முஸ்லிம் நியூஸ்' இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். இளைஞர்களும் பெண்களும் பள்ளிவாசல் பணிகளில் பங்கேற்க ஊக்கமளித்தார். கிரிக்கெட்டும் ரக்பியும் அவருக்குப் பிடித்த விளையாட்டுகள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வதே மார்க்கப் பற்று என்று எண்ணாத இமாம் அவர்.

வாழ்வாதாரத்திற்காக இனிப்பு வகைகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக வேலை செய்தார். பிற நிறத்தவர் அனுமதியின்றி நுழைய முடியாத கறுப்பின மக்களின் குடியிருப்புகளான லாங்கா, நியாங்கா, குகுலேத்து ஆகியவற்றுக்குச் செல்ல அவ்வேலை வழி திறந்தது. அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குத் திரட்டிய உதவிகளை அவர் அங்கு கொண்டு சேர்த்தார். அம்மக்கள் அவரை 'ம்ஃபுண்டிசி' என்று அன்போடு அழைத்தனர். அவர்கள் மொழியில் அது ஆசானையும் சமய குருவையும் குறிக்கும் சொல். உதவி பெற்றோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். பசித்தவரிடம் மார்க்கம் கேட்டு உணவளிப்பது நபிவழி அன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

குழுப் பகுதிகள் சட்டம் அவருடைய குடும்பத்தையும் அத்லோன் பகுதிக்கு இடம்பெயரச் செய்தது. பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த முஸ்லிம் வீடுகள் காலியாயின. ஆயினும் பள்ளிவாசல் மூடப்படவில்லை. சிதறிய மக்கள் தொலைவிலிருந்து பயணம் செய்து வந்து தொழுதனர்.

123 நாட்கள்

1969 மே 28ஆம் நாள் மீலாது நாளாக அமைந்தது. அன்றுதான் பாதுகாப்புப் பிரிவுக் காவலர்கள் இமாமைக் கைது செய்தனர். 1967ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டப்படி, ஒருவரை விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் தனிமையில் அடைத்து வைக்கலாம். வழக்கறிஞரோ மனைவி மக்களோ அவரைப் பார்க்க உரிமை இல்லை. அவ்வாறு 123 நாட்கள் இமாம் அடைக்கப்பட்டிருந்தார். செப்டம்பர் 27ஆம் நாள் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு அப்போது 45 வயது.

படிக்கட்டில் தவறி விழுந்தார் என்று காவல்துறை கூறியது. ஆனால் உடலில் 20க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது.

செப்டம்பர் 29ஆம் நாள் நடைபெற்ற ஜனாஸாவில் ஏறத்தாழ 40,000 பேர் கலந்துகொண்டனர் என்பர். அத்லோனிலிருந்து மோப்ரே மையவாடி வரை பல கிலோமீட்டர் தூரம் சந்தூக்கைத் தோளில் சுமந்து நடந்தனர். அன்றிரவு கேப் மாநிலத்தில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இமாமின் மறைவுக்காகவே பூமி அதிர்ந்தது என்று பலர் பேசிக்கொண்டனர். அவர்களின் துயரம் நமக்குப் புரிகிறது. எனினும் நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்களே தெளிவுபடுத்தியதை நாம் மறக்கலாகாது. நல்லடியார் ஒருவரின் சிறப்புக்குப் பூமி அதிர்ந்தாக வேண்டியதில்லை. அவர் செய்த தொண்டே போதிய சான்று.

54 ஆண்டுகள்

இமாமின் வரலாற்றைக் கூறுவோர் பலர் ஜனாஸாவோடு நிறுத்திவிடுவர். நம் மாணவரின் வினாவுக்கு உரிய விடையோ அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

1970இல் நடந்த மரண விசாரணையில், காயங்களுள் பெரும்பகுதி தற்செயலாகப் படிக்கட்டில் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும், எஞ்சியவற்றின் காரணம் தெரியவில்லை என்றும் நீதித்துறை நடுவர் முடிவு செய்தார். யார் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. அந்நாளில் கேப் நகர ஆலிம்களுள் பலரும் வெளிப்படையாகக் குரல் எழுப்பவில்லை என்பது வருத்தத்திற்குரிய உண்மை. மாறாக, பெர்னார்ட் ராங்க்மோர் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் முறையான விசாரணை கோரி 1971இல் சிக்னல் குன்றிலுள்ள தர்கா ஒன்றில் அமர்ந்து 67 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். அரசு அசையவில்லை.

இமாமின் மனைவி கலீமா அம்மையார் தம் மூன்று பிள்ளைகளோடு நின்றார். இளைய மகள் அப்போது சிறு குழந்தை. கணவர் படியில் விழுந்து இறந்தார் என்னும் அரசின் கூற்றைக் குடும்பம் ஏற்கவில்லை. பழிவாங்கவும் புறப்படவில்லை. இமாமின் பெயரையும் பணியையும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தனர், பிள்ளைகளைக் கற்றவர்களாக்கினர், உண்மை வெளிவர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னரும் நீதி உடனே கிடைத்துவிடவில்லை. கணவர் அடக்கம் செய்யப்பட்டு 50 ஆண்டுகள் நிறைவடைந்த அதே செப்டம்பர் 29ஆம் நாளில், 2019இல், கலீமா அம்மையார் தம் 93ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். தீர்ப்பை அவர் காணவில்லை.

பிள்ளைகள் விட்டுவிடவில்லை. 2022 நவம்பரில் கேப் டவுன் உயர் நீதிமன்றத்தில் மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. படிக்கட்டில் விழுந்ததால் அத்தகைய காயங்கள் ஏற்பட்டிருக்க இயலாது என்று வல்லுநர்கள் சான்றளித்தனர். 2023 அக்டோபர் 9ஆம் நாள் நீதிபதி டேனியல் துலாரே பழைய முடிவைத் தள்ளிவிட்டு, காவலர்களின் சித்திரவதையே இமாமின் மரணத்திற்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். சித்திரவதை செய்த அதிகாரிகள் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். எவரும் சிறை செல்லவில்லை. ஆயினும் ஏடுகளிலிருந்த பொய் நீங்கிற்று.

நமக்குரிய பாடம்

மிம்பரில் நின்று பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிது. 1969இல் நாம் கேப் டவுனில் ஓர் ஆலிமாக இருந்திருந்தால் பேசியிருப்போமா என்று நம்மையே கேட்டுப் பார்த்தோம். துணிந்து 'ஆம்' என்று சொல்ல நாவு எழவில்லை. பல வேளைகளில் நாம் பொறுமை என்று பெயரிட்டழைப்பது அச்சத்தையே. மனைவி அநீதிக்கு ஆளாகும்போதும், தொழிலாளிக்குக் கூலி மறுக்கப்படும்போதும், 'ஸப்ர் செய்யுங்கள்' என்று அறிவுரை கூறி அனுப்பிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையைக் கேட்கும் நாம், இழைத்தவரிடம் சத்தியத்தைச் சொல்வதில்லை. வல்அஸ்ர் சூராவில் ஒன்றாயிருக்கும் இரண்டையும் நாமே பிரித்துவிடுகிறோம்.

அநியாயக்கார ஆட்சியாளன் முன் நீதியை எடுத்துரைப்பதை நபி (ஸல்) அவர்கள் சிறந்த ஜிஹாதாகக் கூறியுள்ளார்கள். அதைச் சொல்வதற்குச் சில நொடிகள் போதும். அதைச் சொன்னபின் வரும் நீண்ட ஆண்டுகளில் மனம் கசந்துபோகாமலும் வெறுப்பில் விழாமலும் நிற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அல்லாஹ்வைப் பற்றிய நல்லெண்ணம் என்பதும் இதுவே. துன்பமே இல்லை என்று நடிப்பது நல்லெண்ணம் ஆகாது. பயன் நம் கண்முன் தெரியாவிட்டாலும் உழைப்பை அவன் வீணாக்க மாட்டான் என்று நம்பி, அடுத்த நாளும் கடமையைச் செய்வதே நல்லெண்ணம்.

அடுத்த வாரம் அம்மாணவருக்கு இவ்வரலாற்றைச் சொன்னோம். கவனமாகக் கேட்டவர், "அப்படியானால் இமாம் சத்தியத்தைச் சொன்னார், அவருடைய வீட்டார் பொறுமையாக இருந்தார்கள், சரியா ஹஜ்ரத்?" என்றார். "இல்லை வாப்பா. இமாம் இரண்டையும் செய்தார், அவர் வீட்டாரும் இரண்டையும் செய்தார்கள்" என்றோம்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். கலீமா அம்மையாரின் பெயரையும் மறவாமல் சொல்லுங்கள்.

இமாம் அவர்களின் கப்ரையும் அன்னாரின் துணைவியார் கப்ரையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! சத்தியத்தைச் சொல்லும் நாவையும் அதில் நிலைத்து நிற்கும் உள்ளத்தையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.