திருவரங்கத்து வீடுகளில் மரத்தச்சு

திருக்கோயில் கட்டடக்கலை பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் அடியேனைப் பணித்தார்கள். கோபுரங்களைப் பற்றியும் ஆயிரங்கால் மண்டபத்தைப் பற்றியும் எழுத வல்லார் பலர் இருக்கிறார்கள். ஆகவே உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளின் மரவேலையை எடுத்துக்கொண்டேன். தைத்தேரும் சித்திரைத்தேரும் உலாவரும் அவ்வீதிகள் திருச்சுற்றுகள். அங்குள்ள வீடும் கோயிலின் அங்கமே.

கல்லுக்கு மூத்தது மரம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் பெருமையோடு பொறித்து வைத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது புதுமை. நம் மலைக்கோட்டையில் லளிதாங்குர பல்லவேசுவர கிருகத்தைக் குடைவித்தவனும் அவனே. ஆனால் கல்லுக்கு மாறிய சிற்பி தச்சனின் இலக்கணத்தை விட்டுவிடவில்லை. தூண், போதிகை, உத்தரம், கொடுங்கை என்னும் வரிசை மரத்தில் பிறந்தது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் கைமரமும் ஆணியும்கூடக் கல்லாகியிருப்பதைக் கண்டவர் இதை மறுக்கமாட்டார்.

அதே வரிசை நம் வீதிகளில் மரமாகவே நிற்கிறது. திண்ணை ஏறி, ரேழி கடந்து கூடத்துக்குள் போனால் முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்கள். அவை தரையில் ஊன்றப்படுவதில்லை. கல் பீடத்தின்மேல் நிற்கின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவில், தரை ஈரம் ஏறி மரம் உளுக்காமல் காப்பது அந்தக் கல்தான். தூணின் தலையில் விட்ட முளை போதிகையின் துளைக்குள் இறங்கி உட்காரும். போதிகை இருபுறமும் கை நீட்டி உத்தரத்தை ஏந்துவதால் உத்தரம் நடுவில் தொய்வதில்லை. அதன்மேல் கைமரங்கள் முற்றத்தை நோக்கிச் சரிந்து நாட்டு ஓட்டைச் சுமக்கும். மச்சுள்ள பகுதியில் நெருக்கமாக இட்ட கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இடுவார்கள். கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்பது இதைத்தான்.

நூல்களும் தச்சுவேலையைப் போற்றுகின்றன. நக்கீரரின் நெடுநல்வாடை, நிழல் பார்த்துத் திசை தேர்ந்து, நூல் பிடித்து அரண்மனை வகுத்ததைக் கூறும். தச்சன் இறுக்கிப் பொருத்திய கதவு நிலைக்கு நெய்யணிந்து வெண்சிறுகடுகு அப்பியதையும் கூறும். இன்றும் நிலை வைக்கும் நாளில் நாம் மஞ்சள் குங்குமம் இட்டு, நவதானியம் வைத்து வணங்குகிறோம். மயமதம் மரத்தையே ஆண், பெண், நபும்சகம் என வகுக்கிறது. அடிமுதல் நுனிவரை ஒரே பருமனானது ஆண். அடி பருத்து நுனி சிறுத்தது பெண். அடி சிறுத்து நுனி பருத்தது நபும்சகம். பொருத்து வேலைக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு.

ரேழியை வெறும் நடைவழி என்று எண்ணுவது தகாது. திருக்கோவலூரில் மழையிரவில் ஒருவர் படுக்க, இருவர் அமர, மூவர் நிற்க இடம் தந்தது ஒரு வீட்டின் இடைகழி, அதாவது ரேழி. முதலாழ்வார் மூவரையும் எம்பெருமான் நெருக்கியருளியது அங்கேதான். மூன்று திருவந்தாதிகளும் நமக்குக் கிடைத்தது அந்த நெருக்கத்தால்தான்.

மரவீடு நெடுநாள் வாழும் என்பதற்கு இங்கிலாந்தின் செஷயரிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலும் சான்று. ஓக் சட்டங்களாலான அம்மாளிகையின் பழம்பகுதி 1500களின் தொடக்கத்தது. மேலே எழுப்பிய நீண்ட கூடத்தின் பாரத்தால் சட்டங்கள் வளைந்தும் அது விழவில்லை. 1938 முதல் நேஷனல் டிரஸ்ட் பேணிவருகிறது. அங்கே சட்டங்கள் வெளிச்சுவரிலேயே தெரியும்; நம் தூண்கள் முற்றத்தைப் பார்த்து உள்ளே நிற்கின்றன.

நம் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அந்த அக்கறை வீதிக்கும் வரவேண்டும். உத்தரத்தின் ஒரு முனை உளுத்ததற்காக வீட்டையே இடிக்காதீர்கள். கெட்ட முனையை அறுத்துவிட்டு நல்ல மரத்தைக் கோத்துத் தர நல்ல தச்சரால் முடியும். இடித்தே ஆகவேண்டுமென்றால், தூண்கள் பழைய மரக்கடைக்குப் போகுமுன் அளவெடுத்து வரைந்து வையுங்கள். ஓடு மாற்றும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.