கால்வாயும் கரிநிலமும்

போர்ணியோத் தீவின் தென்பாகத்தில், இந்தோனீசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்திலே, செபங்காவ், ககாயான், கப்புவாஸ், பாரித்தோ என்னும் ஆறுகளுக்கிடையே பரந்து கிடப்பது முற்றா நிலக்கரிச் சதுப்பு. பல்லாயிரம் ஆண்டுகளாக வீழ்ந்த மரமும் இலையும் நீரில் அமிழ்ந்து, காற்றுப் படாமையால் முற்றாக உக்காது படிந்தமையால் உண்டானது அந்நிலம். நீர் நிறைந்திருக்கும்வரை அது தீப்பற்றாது. நீர் வடிந்தால் விறகாகிவிடும்.

ஆற்றோரக் குடிகளான ஙாஜு தயாக்கு மக்கள் இந்நிலத்தின் இயல்பை அறிந்தவர்கள். ஆற்றிலிருந்து உள்நோக்கி ‘ஹண்டில்’ எனப்படும் சிறு கால்வாய்களை அவர்கள் கையால் வெட்டினர். வெட்டும் வேலையிற் பங்குகொண்ட குடும்பங்களுக்கு அதன் இருமருங்கிலும் காணி கிடைத்தது. உறுதிப்பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. நட்ட இறப்பர் மரமும் பிரம்புப் புதரும் மீன் பிடிக்கும் குளமுமே உரிமைக்குச் சான்றாயின.

1995ஆம் ஆண்டில் சனாதிபதி சுகார்த்தோ, அங்கே பத்து இலட்சம் ஹெக்டேயர் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்துக்கு ஆணையிட்டார். 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. காடு அழிந்தது, ஹண்டில்களும் தோட்டங்களும் ஊடறுக்கப்பட்டன. புளிப்பேறிய மண்ணில் நெல் செழிக்கவில்லை. யாவாவிலிருந்து குடியேற்றப்பட்டோரிற் பலர் திரும்பிச் சென்றனர். 1997இல் கடும் வரட்சி வந்தபோது, உலர்ந்த சதுப்பு மாதக்கணக்காக எரிந்தது. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின்னர் பாதுகாப்பு முயற்சிகள் தொடங்கின. நீர்மட்டத்தை உயர்த்தக் கால்வாய்களுக்குக் குறுக்கே அணையிடுவதே அவற்றின் முதல் வேலை. அது தேவையான வேலையே. ஆயினும் கிராமத்தவருக்கோ அக்கால்வாய்கள் அதற்குள் படகுப் பாதையாகிவிட்டன. மரம் மிதக்கவிடத் தம் செலவிலே சிறு வாய்க்கால் வெட்டியோர் நட்டஈடு கேட்டனர். அணைக்கு அப்பாலுள்ள தோட்டம் தமதென்று காட்ட அவர்களிடம் பத்திரம் இல்லை. 2015ஆம் ஆண்டின் பெருந்தீக்குப்பின் எரித்துப் பயிரிடுதல் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டது. சிறு நிலத்தை எரித்தே நெல் விதைத்து வந்த குடும்பங்களும் அத்தடைக்குள் அகப்பட்டன.

எனினும் சில நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன. வழமைச் சமூகங்களின் காடு அரச காடு அன்று என 2013இல் இந்தோனீசிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் சதுப்பு மீட்பு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டு, கிராமத்தவருடன் சேர்ந்து எல்லைகளை வரையும் வேலையையும் மேற்கொண்டது. சில அணைகளில் சிறுபடகு கடக்க நடுவே வழி விடப்பட்டது.

நெல்லுக்காக நிலத்தைத் திறந்தவர்களும், காவலுக்காக அதை மூட வந்தவர்களும் முதலிற் கேட்கத் தவறிய வினா ஒன்றே: இது யாருடைய காணி? சதுப்பு நீர் வேலி அறியாது. ஒருவர் வெட்டும் வாய்க்கால் அயலவர் நிலத்தையும் உலர்த்தும். ஆதலால் அயலவர் அனைவரும் உடன்பட்டாலன்றி அணை நிலைக்காது. தம் காணி தமக்கே உரியதென்ற உறுதி உள்ளவரே அவ்வுடன்பாட்டுக்கு மனமுவந்து வருவர்.