சாலை பஜாரும் கலர் கலராய் ஒரு வரைபடமும்

ஊரில் நாலு சென்ட் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காகவே இந்தக் கதை. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, பி.காம். அதனால் கொஞ்சம் பாங்க்காரன் வாடை அடிக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் நம் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாய்க் கடை வைத்திருக்கும் இடம் சாலை பஜார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ குடித்தனம் என்பது அங்கே சாதாரணம். வீடும் வியாபாரமும் கலந்திருப்பது நமக்குப் புதுசே இல்லை.

இரண்டையும் பிரித்து வைப்பதுதான் புதுசு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916-இல் ஊர் முழுவதற்கும் மண்டலச் சட்டம் போட்டது: இங்கே வீடு, அங்கே கடை என்று. நம் பக்கம் 1920-இல் சென்னை மாகாண நகர அமைப்புச் சட்டம் வந்தது. திருவிதாங்கூரிலும் கொல்லம் ஆண்டு 1108-இல், அதாவது 1930-களின் தொடக்கத்தில், அப்படியொரு சட்டம் வந்தது. திருவனந்தபுரத்துக்கான மாஸ்டர் பிளான் 1971-இல் அங்கீகாரம் பெற்றது.

அதற்குப் பிறகு ஊர் எங்கேயோ போய்விட்டது. 1990-இல் கழக்கூட்டம் பக்கம் டெக்னோபார்க் வந்தது. 2010-இல் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம் ஆகிய ஐந்து பஞ்சாயத்துகளும் மாநகராட்சியில் சேர்ந்தன. ஆக, புது வரைபடம் தேவைதான். 2031-ஐ இலக்காக வைத்து ஒரு வரைவு தயாராகி வெளியானது.

வந்தது வினை! டெக்னோபார்க்கை ஒட்டிய ஆற்றிப்ரா, கழக்கூட்டம் போன்ற பகுதிகளில் எதிர்ப்பு கிளம்பியது. ஐ.டி. வளர்ச்சிக்கென்று ஏற்கெனவே நிலம் கொடுத்த ஜனங்கள் அவர்கள். குடியிருப்புப் பகுதிகள் வேறு உபயோகத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கின்றன, அகலப்படுத்தப் போகும் ரோடுகள் வீடுகளைத் தின்றுவிடும், எங்களைக் கேட்காமலே போட்ட திட்டம் இது என்பவை அவர்கள் புகார்கள். 2014-இல் மாநில அரசு அந்த வரைவை நிறுத்தி வைத்தது.

'முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை' என்று தூரத்தில் இருந்து சொல்வது சுலபம். பாங்க் கண்ணால் பாருங்கள். ஒருவருக்குப் பத்து சென்ட் பூமி, மகள் கல்யாணத்துக்கு முன் அதில் வீடு கட்ட நினைக்கிறார். கட்டட அனுமதி இல்லாமல் வீட்டுக் கடன் கிடைக்காது. அந்த மனை வரைபடத்தில் ரோட்டுக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம். அரசு நிலத்தை எடுக்கவும் இல்லை, பணம் தரவும் இல்லை. ஆனால் விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. பத்திரம் இவர் பெயரில், பூமி யார் கையில்?

கலப்பு மண்டலம் என்றால் இன்னொரு கணக்கு. மனை விலை ஏறும், விற்பவருக்கு லாபம். விற்காமல் அங்கேயே குடியிருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பக்கத்தில் வணிக வளாகம், வாசலில் பார்க்கிங், கோடையில் கிணற்றுத் தண்ணீருக்குப் போட்டி. சாலை பஜாரில் கடையும் வீடும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். இங்கே வீடு ஒருவருடையது, வளாகம் வேறொருவருடையது. இரண்டையும் 'கலப்பு' என்ற ஒரே வார்த்தையில் அடக்கியதுதான் கோளாறு என்பது என் அபிப்பிராயம்.

வரைவை நிறுத்தியதற்கும் விலை உண்டு. ஐ.டி. நகரமாகிவிட்ட ஊர் பழைய திட்டங்களையும் அவ்வப்போது வந்த திருத்தங்களையும் வைத்துக்கொண்டே ஓட வேண்டியதாயிற்று. திருத்தம் வாங்கத் தெரிந்தவனுக்குக் கட்டடம் எழும்பும், தெரியாதவன் ஃபைல் தூங்கும். கேரளா 2016-இல் நகர, கிராம அமைப்புக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 2040-ஐ இலக்காக வைத்துப் புது மாஸ்டர் பிளான் வேலையும் நடந்தது.

நமக்கு இதில் என்ன? வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்லக் குறிப்பிட்ட காலம்தான் உண்டு. ஊரில் இருப்பவன் ஓடிப்போய் எழுதிக் கொடுப்பான். நமக்கு விஷயம் தெரிவதற்குள் கெடு முடிந்திருக்கும். எனவே மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாமல், சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது, பக்கத்து ரோட்டுக்கு எத்தனை மீட்டர் அகலம் குறித்திருக்கிறார்கள் என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். திருவனந்தபுரமானாலும் திருநெல்வேலியானாலும் இதுதான் விதி. தம்பியோ மச்சானோ ஊரில் இருந்தால், மாஸ்டர் பிளான் அறிவிப்பு பேப்பரில் வந்தால் போன் பண்ணச் சொல்லி வையுங்கள்.