ஒரு குடல் மாத்திரையின் வரலாறு

இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் நிலவாகை என்றொரு சிறு செடி பயிராகிறது. நிலாவரை என்றும் இதைச் சொல்வதுண்டு. மஞ்சள் நிறத்தில் பூக்கும் இச்செடியில் வருவாய் தருவது இலைதான். அரேபியாவும் ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் இதன் தாயகம். கடல் வாணிகம் இதைத் தென்பாண்டிக் கரைக்குக் கொண்டு வந்தது. இன்று 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் இதன் இலை வெளிநாடுகளுக்குச் செல்கிறது. எதற்காக? மலச்சிக்கலைப் போக்குவதற்காக! சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள்.

1940களில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இந்த இலையின் செயற்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுக்குச் சென்னோசைடுகள் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சென்னா இடம் பெற்றுள்ளது.

நிலவாகைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. வயிற்றைப் பிடித்து வலிக்கும். நாள்கணக்கில் மிகுதியாக உண்டால் உடலின் பொட்டாசியம் குறையும். பெருங்குடலின் உட்சுவர் கறுக்கும். இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? பல நாடுகளில், பல தலைமுறைகளாக, எண்ணற்ற மக்கள் உண்டு பார்த்ததனால் தெரிந்தன. நேற்றுப் பிறந்த ஒரு புதிய மாத்திரைக்கு இந்த வாய்ப்பு கிடையாது. அதன் தீமையை எப்படிக் கண்டறிவது? பேசல் நகரிலிருந்தே வந்த மற்றொரு மருந்தின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

குடலும் செரோட்டோனினும்

சிலருக்கு அடிக்கடி வயிறு வலிக்கும், உப்பும். மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ மாறி மாறி வந்து தொல்லை தரும். ஆனால் சோதித்துப் பார்த்தால் குடலில் புண்ணோ கட்டியோ தென்படாது. இதை எரிச்சலுறு குடல் நோய் என்பர். மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்கின்றனர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அன்றாட வாழ்க்கையைப் பாழாக்கும் நோய்.

குடல் உணவை முன்னே தள்ளுவதற்குத் துணை செய்யும் பொருள்களுள் ஒன்று செரோட்டோனின். 1930களில் இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடலிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து 'என்டிரமின்' என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர், இரத்த நாளங்களைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளை இரத்தத்திலிருந்து பிரித்து 'செரோட்டோனின்' என்றனர். பின்னர் பார்த்தால் இரண்டும் ஒன்றே! நம் உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. எனினும் இரத்த நாளங்களிலும் மூளையிலும் அதற்கு வேலை உண்டு. இந்த இரட்டைப் பிறப்பை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1996இல் சாண்டோஸ் நிறுவனமும் சீபா-கெய்கி நிறுவனமும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. குடலில் செரோட்டோனின் பணியாற்றும் ஓர் ஏற்பியைத் தூண்டும் டெகாசரோட் என்ற மருந்தை அந்நிறுவனம் கொண்டு வந்தது. மலச்சிக்கலோடு கூடிய ஐ.பி.எஸ். உள்ள பெண்களுக்கு இதைத் தர 2002 சூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இசைவளித்தது. 'செல்னார்ம்' என்ற பெயரில் அங்கு விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலும் டெகாசரோட் மாத்திரைகள் மருத்துவரின் சீட்டின் பேரில் விற்கப்பட்டன.

பதின்மூன்றும் ஒன்றும்

2004இல் முதல் எச்சரிக்கை வந்தது. கடும் வயிற்றுப்போக்கும், குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் உண்டாகும் குடல் அழற்சியும் சிலருக்கு ஏற்படக்கூடும் என்று மருந்துக் குறிப்பில் சேர்த்தனர். பெரிய செய்தி 2007இல் வந்தது. அதுவரை நடந்த 29 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தனர். டெகாசரோட் உண்டவர்கள் 11,614 பேர். ஒப்பிடுவதற்காக, பார்வைக்கு அதே போன்ற, மருந்தில்லா மாத்திரையை உண்டவர்கள் 7,031 பேர். முதல் கூட்டத்தில் 13 பேருக்கு மாரடைப்பு, கடும் நெஞ்சுவலி, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டிருந்தது, ஒருவர் இறந்தார். இரண்டாவது கூட்டத்தில் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்.

10,000 பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் முதல் கூட்டத்தில் சுமார் 11, இரண்டாவதில் சுமார் 1.4. ஏறக்குறைய எட்டு மடங்கு! குடலுக்கென்று செய்த மருந்து இதயத்துக்கு ஏன் தீங்கு செய்ய வேண்டும்? செரோட்டோனின் குடலுக்கும் இரத்த நாளத்துக்கும் பொதுவான பொருள் என்பதை எண்ணிப் பார்த்தால் அறிவியலார் ஏன் ஐயம் கொண்டனர் என்பது விளங்கும். 2007 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்டது.

ஒரு சிறு கணக்கு

இத்தனை ஆண்டுகள் மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர்கள் இதைக் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். 11,614 பேரில் 13 என்றால் ஏறத்தாழ 900 பேருக்கு ஒருவர். இராமேசுவரத்தில் ஒரு மருத்துவர் 100 பேருக்கு இம்மருந்தைத் தருவதாகக் கற்பனை செய்வோம். ஒருவருக்குத் தீங்கு நேராமல் இருக்கும் வாய்ப்பு 899/900. இந்தப் பின்னத்தை 100 முறை பெருக்கினால் சுமார் 0.90 வரும். அதாவது, அவர் ஒரு தீங்கைக்கூடக் காணாமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. "நான் நூறு பேருக்குக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் சொன்னால் அது முழு உண்மை. ஆயினும் மருந்து தீங்கற்றது என்பதற்கு அது சான்றாகாது.

இப்போது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, இராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களிலும் இப்படி ஒவ்வொரு மருத்துவர் இருப்பதாகக் கொள்வோம். பத்து ஊர்களிலும் சேர்த்து 1,000 பேர். இவர்களில் ஒருவருக்கேனும் தீங்கு நேரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. நேர்ந்தாலும் என்ன? நெஞ்சுவலியோடு வருபவரிடம் வயிற்றுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுமா? மாரடைப்பு மருந்து உண்ணாதவர்களுக்கும் வருவதுதானே! பத்து ஊர்களின் குறிப்புகளும் ஓரிடத்தில் சேர்ந்து, மருந்து உண்ணாதவர்களின் கணக்கோடு ஒப்பிடப்பட்டால்தான் உண்மை வெளிப்படும். அரிதான தீங்கு தனிமனிதர் கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக்கைக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் நடந்தது

நம் நாட்டில் டெகாசரோட் 2011 மார்ச்சு மாதத்தில்தான் தடை செய்யப்பட்டது. அமெரிக்கா நிறுத்தியதற்கும் நாம் தடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! நெஞ்செரிச்சலுக்குத் தரப்பட்ட சிசாப்ரைடு என்ற மருந்தின் கதை இன்னும் மோசம். அதுவும் செரோட்டோனின் ஏற்பியைத் தூண்டுவதே. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்ததாகவும், 80 பேர் இறந்ததாகவும் வந்த அறிக்கைகளால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதன் பொது விற்பனை நின்றது. இந்தியாவில் தடை வந்தது 2011 பிப்ரவரியில்.

ஆனால் தடை ஒன்றே விடை என்றும் கருத வேண்டாம். வயிற்றுப்போக்கோடு கூடிய ஐ.பி.எஸ்.க்கு வந்த அலோசெட்ரான் 2000 பிப்ரவரியில் இசைவு பெற்று, குடல் அழற்சி ஆபத்தினால் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அம்மருந்தால் நலம் கண்ட நோயாளிகள் அதை மீண்டும் கேட்டனர். 2002இல் கடும் கட்டுப்பாடுகளோடு அது திரும்பி வந்தது. டெகாசரோட்டுக்கும் 2019இல் அமெரிக்கா மறு இசைவு தந்தது. 65 வயதுக்குட்பட்ட, இதய நோயோ பக்கவாதமோ வந்திராத பெண்களுக்கு மட்டும். 2022இல் வணிகக் காரணத்தால் உற்பத்தியாளரே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார். யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று பிரித்தறிவதற்கும் எண்ணிக்கைதான் வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக் கூடியது

மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டுவதற்காக 2010 சூலையில் இந்தியாவில் மருந்து விழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் இதை நடத்துகிறது. மருத்துவர்கள் மட்டுமின்றி நோயாளிகளும் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

ஆகவே வாசகர்களே, வயிற்றுக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் உங்கள் இதய நோயையும், முன்பு வந்த பக்கவாதத்தையும், உண்டுவரும் பிற மருந்துகளையும் மறக்காமல் கூறுங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்காதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப் போதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உண்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அந்த அட்டையிலுள்ள பெயர் ஒரு குறிப்பில் ஏறினால், பத்து ஊர்க் கணக்கில் விடுபட்டிருக்கக் கூடிய ஓர் எண் சேர்ந்துவிடும்.