முல்லைத்தீவு: கல்லில் எழுதியதும் எழுதாததும்

பெயரில் தீவு இருந்தாலும் முல்லைத்தீவு தீவல்ல. கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே நந்திக்கடல் ஏரிக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலமே அது. இந்தச் சிறுபட்டினத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்கிறது: ஓர் ஊர் எவற்றால் நினைவுகூரப்படுகிறது?

ஒல்லாந்தர் இங்கு ஒரு கோட்டை கட்டினர். 1795இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் அதனைத் தாக்கிக் கைப்பற்ற, கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் தோற்கடிக்கப்பட்டான். வென்றவர்கள் அவ்விடத்தில் ஆங்கிலத்தில் ஒரு கல்லும் நாட்டினர். மக்களோ தோற்றவனையே கதையிலும் நாடகத்திலும் வாழவைத்தனர். கல்லைவிட நாவுக்கு ஆயுள் அதிகம் போலும்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும் மரபை வன்னியில் அறியாதார் இல்லை. ஆனால் முல்லைத்தீவுப் பட்டினத்திலும் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் பாங்கொலி கேட்டதை வன்னி பற்றி எழுதியோரில் எத்தனை பேர் குறித்தனர்? கடலையும் வயலையும் கடைத்தெருவையும் தமிழ்ச் சகோதரருடன் பகிர்ந்து வாழ்ந்த சோனகர், பெரும்பாலான நூல்களில் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

மற்றோர் ஒக்டோபரில், 1990இல், விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். முல்லைத்தீவார் பலர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அவர்கள் இல்லாத ஊரில்தான் 1996 ஜூலையில் இராணுவ முகாம் வீழ்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பட்டினத்தை விழுங்கியது. 2009 ஜனவரியில் இராணுவம் நுழைந்தது. அதன்பின் அவ்வாண்டு மே வரை முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் பட்ட துயரம் உலகறியும். அந்தத் துயரத்தின் முன் நம் துயரத்தை நிறுத்தி எடைபோடுவது அறமல்ல; அதற்காக நம்முடையதை மறைப்பதும் அறமல்ல.

போருக்குப் பின் திரும்பியோருக்குக் காடேறிய காணிகளே எஞ்சியிருந்தன. புத்தளத்தில் பிறந்து பெருகிய தலைமுறைக்கு அவை போதவில்லை. காணி கேட்டபோது, "இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்வி எழுந்தது. எழுதப்படாத சரித்திரத்தின் விலை இதுதான்.

அந்த ஊரில் பிறந்த முதியோர் இன்று நம்மிடையே குறைந்துவருகின்றனர். பள்ளிவாசல் பதிவேடுகள், மையவாடிகள், ஒழுங்கைகளின் பெயர்கள், பெருநாள் பலகாரம் போன வீடுகள் என்று அவர்கள் நினைவில் உள்ள ஊரை இப்போதே எழுதிவைக்க வேண்டும். நமக்குக் கல் நாட்ட ஒரு கப்டன் வரப்போவதில்லை.