யாழ்

யாழ், வளைந்த கழுத்தான கோட்டிலிருந்து, தோல் போர்த்த ஒலிப்பெட்டியான பத்தருக்கு நரம்புகளை இழுத்துக் கட்டி, விரலால் மீட்டிய பழந்தமிழ் இசைக்கருவி. பாணர் கையில் இருந்தவை சீறியாழும் பேரியாழும். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையின் இடையனோ குமிழங்கொம்பில் மரல்நாரைக் கட்டி அதிலேயே குறிஞ்சிப்பண் வாசித்துவிடுகிறான்.

இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் புகழோடும் யாழ் சேர்ந்தே வருகிறது. புறநானூறு 92ஆம் பாட்டில் ஔவையார், புதல்வரின் மழலை யாழிசைக்கு ஈடாகாது, ஆனாலும் தந்தைக்கு இனிக்கும்; தம் சொல்லும் அஞ்சிக்கு அத்தகையதே என்கிறார். எதற்கும் யாழே அளவுகோலாக இருந்த காலம் அது.

கருவியின் அமைப்பைப் பொருநராற்றுப்படை உறுப்பு உறுப்பாகச் சொல்கிறது: மான்குளம்பு பதிந்த தடம்போல இருபுறமும் தாழ்ந்து நடுவே உயர்ந்த பத்தர், விளக்குச்சுடர் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல், நண்டின் கண்போன்ற ஆணிகள், படமெடுத்த பாம்பாக நிமிர்ந்த கோடு, அதில் வளையல் வரிசைபோலத் திவவுகள். நரம்பை இறுக்கவும் தளர்த்தவும் உதவிய வார்க்கட்டே திவவு. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்கிறார்.

சமுத்திரகுப்தரின் நாணயத்திலும் அமராவதிச் சிற்பங்களிலும் இவ்வகைக் கருவி உண்டு. பின்னர் இந்தியாவில் அது அருகிப்போய், மத்தியப் பிரதேசத்துப் பர்தான்களின் பின்-பாஜா போன்ற ஓரிரு கருவிகளே எஞ்சின. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற அமைப்பில் கமகம் எளிதாக வராது. மெட்டுள்ள வீணையில் ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கும். யாழ் ஒதுங்கியதற்கு இது முக்கியமான காரணமாகலாம்.

சங்ககால யாழ் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஏட்டு வருணனையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள, பர்மாவின் வில்யாழான சவுங் கௌக் பெரிதும் உதவுகிறது. அங்கே பழைய நகரான ஸ்ரீக்ஷேத்திரத்தின் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பத்திலேயே வில்வடிவ யாழ் காணப்படுகிறது. சவுங்குக்குப் படகுபோன்ற மர உடல், மான்தோல் போர்வை, உயர்ந்து வளைந்த கழுத்து. மரபான வடிவில் முறுக்காணி கிடையாது, கழுத்தைச் சுற்றிய சிவப்புப் பருத்திக் கயிறுகளைத் திருகியே சுருதி சேர்ப்பார்கள். திவவு என்னவாக இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அரசவைக் கலைஞர் மியவாடி ஊ சா (1766–1853) அதன் நரம்புகளைப் 13 ஆக்கினார்; இன்று 16 நரம்புகள் வழக்கம். பழைய பட்டு நரம்புக்குப் பதிலாக நைலான் வந்துவிட்டது. 

தமிழில் யாழ் பற்றிய விரிவான ஆய்வு, மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் போன்ற கருவிசெய்வோர் இலக்கியக் குறிப்புகளைக் கொண்டு யாழை மீண்டும் உருவாக்கி வாசிப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.